மூன்று கோடுகளுக்குக் கீழே

மார்ச் 2, திங்கள்

பொறுமைசாலிகள் கையில் மாட்டிக்கொண்டதால்தான் உலகம் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது.

இதைக் கட்டளை தட்டும் டெர்மினல் திரையிலேயே எழுதுகிறேன், வேலை நடக்கும் அதே ஃபோல்டரில். வேறு ஜன்னல் திறக்கச் சோம்பல். யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் நயமாக எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

கோவை கணபதியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். முதலாளி சென்னியப்பன், வேலையாட்கள் எட்டுப் பேர், பயிற்சியில் இரண்டு பேர். நான் பி.இ. இன்னொருத்தி பெனசீர், டிப்ளமோ. ஏப்ரலில் எங்களில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம்.

பெட்டிக்குள் ஓடுவது ஒரு இலவச இயங்குதளம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திருத்தி அனுப்பலாம். அதில் எங்கள் வெப்ப சென்சாருக்கான பகுதியில் ஒரு பிழை. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குகிறது. வகுக்கும்போதே பின்னம் உதிர்ந்துவிடுகிறது. உள்ளே 37.9 டிகிரி இருந்தால் திரையில் 37.5 என்று வரும். சரியாகத்தான் இருக்கிறது என்று ஹீட்டர் தொடர்ந்து எரியும். குஞ்சுகள் ஒரு நாள் முன்னதாகவே ஓட்டை உடைத்து, காலூன்ற முடியாமல் சாகும்.

பெருக்கலை முன்னே போட்டேன். நான்கு நிமிடம். செய்தது முழுக்க நான்தான். பெனசீர் ஒரு சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் பெட்டிகளை வாங்கப்போகும் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. நாங்கள் தனியாகக் கைவைத்த நிரலை ஏற்க மாட்டார்கள். திருத்தம் இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வ நிரலிலேயே சேர வேண்டும். இந்தச் சுற்றுக்குக் கதவு மூடுவது 20ஆம் தேதி. அதை விட்டால் அடுத்த கதவு மூன்று மாதம் கழித்து. அதுவரை பழைய பெட்டிகளில் குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கும்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "பாரு கண்ணு, திருத்துனவங்க லிஸ்டுல யாரு பேரு ஏறுதோ அவங்களுக்குத்தான் ஏப்ரல்ல ஆர்டர். எனக்கு வேற கணக்குத் தெரியாது. போற மெயில்லெல்லாம் எனக்கும் ஒரு காப்பி வரோணும்."

மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் படிக்கிற மனிதர். எதற்குக் காப்பி என்று தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வழக்கமான மெயிலில் ஒட்டி அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் ஏதோ ஒரு கணினி திருப்பி அனுப்பியது. எழுத்துக்கு அலங்காரம் கூடாதாம். வெறும் எழுத்து மட்டும்தானாம்.

வெறும் எழுத்தாக அனுப்பினேன். இந்த முறை ஒரு மனிதர் திருப்பினார். ஓலாவ், நார்வேக்காரர். சென்சார் பகுதிக்குக் காவல்காரர் அவர்தான். என் மெயில் செயலி டேப்களை எல்லாம் ஸ்பேஸ்களாக மாற்றிவிட்டதாம், நீள வரிகளை ஒடித்துவிட்டதாம், இதை எந்தக் கணினியும் ஏற்காதாம். "கட்டளை வரியிலிருந்து அனுப்பவும்" என்று முடித்திருந்தார்.

செல்போனில் உலகம் ஓடுகிறது. இவர்கள் இன்னும் கடுதாசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருத்தம் என்பது ஒரு கடிதம். அது ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஒரு பட்டியலுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் நடுநடுவே வெட்டிப் பதில் எழுதுவார்கள். திருத்தித் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பொத்தான் கிடையாது.

மார்ச் 4, புதன்

கிட் சென்ட்-இமெயில் என்ற கட்டளையை நிறுவினேன். சர்வர் பெயர், போர்ட் எண், தனிக் கடவுச்சொல். அரை நாள் போயிற்று.

பெனசீர் எட்டிப் பார்த்தாள். "மொதல்ல உங்களுக்கே ஒண்ணு அனுப்பிப் பாத்துக்கலாமுங்களே?"

"நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"எழுதுனது தெரியும். போறது எப்புடிப் போகுதுன்னு தெரியோணுமில்ல?"

பட்டியலுக்கே அனுப்பினேன். டேப்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. சொன்னேனே.

மார்ச் 5, வியாழன்

ஓலாவின் மதிப்புரை முழுவதும் இது: "ஏன்?"

அவருடைய கேள்விக்கு மேலே என் பதிலை எழுதி அனுப்பினேன். மேலே எழுதக் கூடாதாம், கேள்விக்குக் கீழேதான் எழுத வேண்டுமாம். அதைச் சொல்ல மட்டும் நான்கு வரி எழுதுகிறார். கிழம். வேலை வெட்டி இல்லாத கிழம்.

மார்ச் 6, வெள்ளி

'என்ன செய்தாய்' என்பது போதாதாம். ஏன் செய்தாய், என்ன ஆதாரம் என்று திருத்தத்தின் தலையிலேயே எழுத வேண்டும். பெனசீரிடம் நோட்டைக் கேட்டேன். கொடுத்தாள்.

பதினோரு நாள் குறித்திருக்கிறாள். சோதனை அறையில் கண்ணாடி தெர்மாமீட்டரை இயந்திரத்துக்குள் வைத்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, அரை மணிக்கு ஒரு தடவை. கண்ணாடி ஒரு பத்தி, திரை ஒரு பத்தி. கடைசிப் பக்கத்தில் பென்சிலில்: 'எப்பவும் கீழ்ப்பக்கமே விழுது. பின்னத்தை முழுங்குது. வகுக்கறது முன்னாடி வருதோ?'

அந்த அறையில் பத்து நிமிடம் நிற்க முடியாது. நோன்பு வேறு. அவளுக்கு அதெல்லாம் பழக்கம் போல.

அட்டவணையைச் சேர்த்துவிட்டேன். தரவு தரவுதான், யார் குறித்தால் என்ன.

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் பதிப்புக்கு ஓலாவ் கேட்கிறார்: பெருக்கலை முன்னே போட்டால் எண் பெரிதாகி, அதை வைக்கும் இடத்தில் கொள்ளாமல் வழிந்துவிடாதா?

இதே கேள்வியைப் பெனசீர் முதல் நாளே கேட்டாள். வழியாது என்று சொல்லியிருந்தேன். இன்று போய்ச் சொன்னேன், வழியுமாம் என்று.

"நான் கேட்டப்ப வழியாதுன்னீங்க."

"இப்ப ஓலாவ் கேக்கறாரில்ல."

"ஓ" என்றாள். திருகாணியை முடுக்கிக்கொண்டே, "பெரிய எடமா, அறுபத்திநாலு பிட்டுல வெச்சுப் பெருக்குங்க. வகுத்த பொறவு சின்னதாயிரும்" என்றாள்.

நானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இவர்களுடைய வழக்கங்களில் உருப்படியான ஒன்றை இன்று கண்டுபிடித்தேன். கடிதத்தின் நடுவே மூன்று சிறு கோடுகள் வரும். கோடுகளுக்கு மேலே எழுதுவது நிரலின் வரலாற்றில் நிரந்தரமாக ஏறும். கீழே எழுதுவதைப் பட்டியலில் எல்லோரும் படிக்கலாம், ஆனால் திருத்தம் சேரும்போது அது உதிர்ந்துவிடும். போன பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது போன்ற சில்லறைச் சமாசாரங்களுக்கான இடம்.

மூன்று கோடுகளுக்குக் கீழே 'ஒரு சக ஊழியருக்கு நன்றி' என்று சேர்த்தேன். யாரும் இனி என்னைக் குறை சொல்ல முடியாது.

மேலே, எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். இது என் வேலை என்று உறுதி கூறும் கையொப்ப வரியிலும் என் பெயர்.

மார்ச் 11, புதன்

"ஏறிருச்சா?" முதலாளி, நான்கு முறை.

மார்ச் 12, வியாழன்

மூன்றாம் பதிப்பு தயார். ஒவ்வொரு கடிதத்துக்கும் 'அனுப்பட்டுமா?' என்று கேட்கிறது இந்தக் கட்டளை. கேட்காதே என்று அமைப்பில் மாற்றிவிட்டேன். ஃபைல் பெயர் நீளமாக இருக்கிறது. ஃபோல்டரையே கொடுத்தால் போதும், தானே எடுத்துக்கொள்ளும். இதைச் சேமித்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான்.

மார்ச் 12, வியாழன், மாலை

இதை வேறு ஃபோல்டரில் எழுதுகிறேன்.

ஃபோல்டரைக் கொடுத்தால் அந்தக் கட்டளை அதில் உள்ள எல்லா ஃபைலையும் அனுப்பும். எல்லாவற்றையும். பேட்ச் என்னும் திருத்தம் எது, டைரி எது என்று அதற்குப் பேதம் இல்லை. டைரியின் முதல் வரியான தேதியை யாரோ ஒருவரின் முகவரி என்று எடுத்துக்கொண்டு, 'இந்த முகவரி சரியில்லை, விட்டுவிடவா?' என்று கேட்டிருக்கிறது. படிக்காமல் 'விடு' என்று தட்டினேன். இரண்டாவது வரியைக் கடிதத்தின் தலைப்பாக்கிக்கொண்டது. 'பொறுமைசாலிகள் கையில்' என்ற தலைப்பில் ஒரு கடிதம் இப்போது உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு சர்வர் 250 என்று சொல்லும். அனுப்பியது ஒரு பேட்ச். வந்தது இரண்டு 250. அப்போதுதான் உறைத்தது.

அழிக்க முடியாது. பட்டியலுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பல நாடுகளில் பல பேர் சேமித்து வைக்கிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

நல்லவேளை, தமிழ். ஓலாவ் எழுதியிருக்கிறார்: "இது தவறி வந்ததா? எனக்குத் தெரியாத எழுத்து. ஆனால் உங்களிடமிருந்து முதல் தடவையிலேயே வடிவம் கெடாமல் வந்த கடிதம் இதுதான்."

நார்வேயில் யார் தமிழ் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

கணபதியில் படிப்பார்கள். முதலாளிக்கு எல்லாவற்றிலும் ஒரு காப்பி போகிறது என்பதை மறந்துவிட்டேன்.

மேசையில் பிரிண்ட் இருந்தது. ஐந்து தாள், பின் அடித்து.

"உக்காரு கண்ணு. நீ அனுப்பறதெல்லாம் பத்து நாளா வருது. நானும் பிரிண்ட் எடுத்துப் பாக்கறேன், ஒரு எளவும் புரியல. நேத்து ஒண்ணு வந்துச்சு பாரு, அதுதான் பூராம் புரிஞ்சுது."

"சார், அது வந்து..."

"மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் படிக்கிற மனுசன். நாந்தான? செரி. அத வுடு. இதென்ன பென்சில்ல எழுதியிருந்துச்சுங்கறே? வகுக்கறது முன்னாடி வருதோன்னு? அது யாரு எழுத்து?"

"பெனசீருங்க."

"அறுபத்திநாலுன்னு ஒண்ணு வருதே?"

"அதுவும்... பேச்சுவாக்குல சொன்னதுங்க."

"பின்ன நீ என்னத்தச் சாமி பண்ணுனே?"

அனுப்பியதைச் சொன்னேன். அனுப்புவது எவ்வளவு கடினம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "கொரியர் ஆபீசுல ஆள் எடுக்கறாங்க" என்றார்.

பதிவுக்காக: நான் முன்பு எழுதிய சில வரிகள் சூழலிலிருந்து பிரித்துப் படிக்கப்படுகின்றன.

மார்ச் 14, சனி

பட்டியலில் ஒரு பதில். மயூரன் என்று ஒருவர், நார்வேயின் பேர்கன் நகரிலிருந்து. ஓலாவுக்கு உதவியாக மதிப்புரை செய்பவர். நான் இதுவரை கவனிக்காத பெயர். என் டைரியை ஒரு பேட்ச் என்றே எடுத்துக்கொண்டு, வரி வரியாக வெட்டி, கீழே பதில் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் நவநீதன்,

இந்தப் பட்டியலில் தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான் எண்டு நினைக்கிறன். வந்ததை மதிப்பிடாமல் விடுறது வழக்கமில்லை.

> செய்தது முழுக்க நான்தான். பெனசீர் ஒரு சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான்.

மார்ச் 6, மார்ச் 9 குறிப்புகளோடு இந்த வரி முரண்படுது. எது சரி?

> கிழம். வேலை வெட்டி இல்லாத கிழம்.

ஓலாவுக்கு முப்பத்தொரு வயசு. மொழிபெயர்த்துச் சொன்னனான், சிரிச்சவர்.

> நானும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்.

ஆதாரம்?

> மூன்று கோடுகளுக்குக் கீழே 'ஒரு சக ஊழியருக்கு நன்றி' என்று சேர்த்தேன்.

கெட்டித்தனம். ஆனால் பிழையான இடம்.

நிரல் சரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையொப்ப வரிதான் பிரச்சினை. இது ஆருடைய வேலை எண்டு பட்டியலிலேயே பதில் எழுதுங்கோ. அதுவரைக்கும் திருத்தம் நிற்கும். 20ஆம் தேதி கதவு மூடுறது உங்களுக்குத் தெரியும்."

மார்ச் 15, ஞாயிறு

பதில் எழுதினேன். 'இது ஒரு கூட்டு முயற்சி' என்று தொடங்கும் ஒன்று. அழித்தேன். 'பெனசீரின் உதவியோடு' என்று இன்னொன்று. அதையும் அழித்தேன்.

அவள் பெயரை எழுதினால் ஏப்ரல் அவளுக்கு. எழுதாவிட்டால் திருத்தம் சேராது, ஏப்ரல் யாருக்கும் இல்லை. தர்க்கப்படி இரண்டிலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருப்பதுபோலத் தோன்றி, மத்தியானம் முழுக்கப் படுத்துக்கிடந்தேன்.

மார்ச் 16, திங்கள்

முதலாளி அந்த ஐந்து தாளைப் பெனசீரிடமும் கொடுத்துவிட்டார். மதியம் என் மேசைக்கு வந்தாள். திருட்டுப் பட்டம் கட்டுவாள் என்று தயாராக இருந்தேன். ஆதாரங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு. "நோன்பு வேற, அவளுக்குப் பழக்கம் போலன்னு எழுதியிருக்கீங்க."

"அது சும்மா..."

"பதினோரு வயசுலருந்து நோன்பு வெக்கறேன். தாகம் பழக்கமாவறதில்லீங்க. அந்த ரூமுல நாக்கு மேல ஒட்டிக்கும். ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனில்ல?"

"நோட்டு குடுக்கும்போது நீங்களும் ஒண்ணும் சொல்லலையே. பேர் போடுங்கன்னு கேட்டிருக்கலாமில்ல?"

"எம்பேரு நோட்டு அட்டைமேல பெருசா எழுதியிருக்குதுங்க."

போய்விட்டாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் 1.40க்குப் பட்டியலுக்கு எழுதினேன், கேள்விக்குக் கீழே: 'பிழையைக் கண்டவர், காரணம் சொன்னவர், தீர்வு சொன்னவர் பெனசீர். நான் தட்டச்சு செய்தேன்.' முதலில் 'மட்டும்' என்றும் ஒரு சொல் போட்டேன். நாடகமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

இரண்டு வரி. மூன்று நாள்.

மயூரனின் பதில் நான்கே நிமிடத்தில் வந்தது: "நன்றி. நான்காம் பதிப்பை அவரே அனுப்பட்டும்."

பெனசீரின் கணினியில் கட்டளையை நிறுவிக் கொடுத்தேன். எழுதியவர் அவள், கையொப்பம் அவள். அதற்குக் கீழே இவர்கள் வழக்கப்படி வேறு வரிகளும் போடலாம்: பிழையை அறிவித்தவர், மதிப்பிட்டவர், சோதித்தவர்.

"உங்களுக்கு எந்த வரிங்க போடறது?" என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோதித்தவர்னு போடலாம்."

"நீங்க எப்ப சோதிச்சீங்க?"

நாளை சோதிப்பதாகச் சொன்னேன். கால் மணிக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். நாற்பத்தெட்டு அளவு. நானே முன்வந்து சொன்ன எண். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

6.00 கண்ணாடி 37.4, திரை 37.4
6.15 கண்ணாடி 37.4, திரை 37.4
6.30 கண்ணாடி 37.6, திரை 37.6

மற்றவை நோட்டில். பொருந்துகிறது. எட்டு மணிக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் பாட்டில் காலி. பத்து மணிக்கு இன்னொரு பாட்டில். பெனசீர் இரண்டு முறை உள்ளே வந்து தெர்மாமீட்டர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் குடிக்கவில்லை. நான் பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

11.00 கண்ணாடி 37.5, திரை 37.5
11.15 —
11.30 கண்ணாடி 37.5, திரை 37.5

11.15க்கு டீக்கடையில் இருந்தேன். திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். மேலும் 37.5, கீழும் 37.5. நடுவில் 37.5 என்று எழுதினால் அது பொய்யாகக்கூட இருக்காது. பேனா கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது. கோடு போட்டேன்.

மார்ச் 19, வியாழன்

அவள் அனுப்பினாள். 'அனுப்பட்டுமா?' என்று கேட்டதும் கையை எடுத்துவிட்டு, கடிதம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். எனக்குப் பல் கூசியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். என் வரி இப்படி இருந்தது: 'சோதித்தவர்: நவநீதன். 48 அளவுகளில் 47 எடுக்கப்பட்டன, 47ம் பொருந்தின.'

"அந்த நாப்பத்தெட்ட எடுத்துட்டு நாப்பத்தேழுன்னு மட்டும் போட்டா என்ன?" என்றேன்.

"எடுத்தா ஒண்ணு விட்டுப்போனது தெரியாதுங்களே."

"அதான்."

அவள் அனுப்பிவிட்டாள். ஒரே ஒரு 250.

மார்ச் 20, வெள்ளி

"சேர்த்தாயிற்று. நன்றி." ஓலாவ், பெனசீருக்கு. எனக்கு ஒரு காப்பி.

முதலாளி பிரிண்ட் எடுத்திருந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தாளைத் தூரப் பிடித்து, எழுத்துக்கூட்டி, இரண்டு பெயரையும் கண்டுபிடித்துவிட்டார்.

"லிஸ்டுல பேரு ஏறுனா ஆர்டருன்னேன். இதுல ரெண்டு பேரு பேரும் இருக்குது. எடம் ஒண்ணுதான். என்ன கண்ணு பண்றது?"

அவர் விரலை வைத்துப் படித்தார். "இதென்ன நாப்பத்தெட்டுல நாப்பத்தேழு?"

"ஒண்ணு எடுக்கலீங்க சார்."

"ஏன்?"

"டீ குடிக்கப் போயிட்டேனுங்க."

"இந்தப் புள்ள எத்தன எடுத்துச்சு?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டுங்க."

"அதுல விட்டது?"

நோட்டை ஆறாம் தேதியே முழுக்கப் பார்த்துவிட்டேன். அட்டவணையாக அடித்ததே நான்தான். "ஒண்ணுகூட இல்லீங்க" என்றேன்.

முதலாளி பேனாவைத் திறந்தார். "அப்பப் பிரச்சினையே இல்லியே. நீயே சொல்லிட்டே."

எனக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சி. இஷ்டம் இருந்தால் இருக்கலாம் என்றார். பி.இ. படித்தவன், வெளியே பத்துக் கம்பெனி இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரிங்க சார்" என்று வந்தது.